செலுத்துவதா, இசைவதா, வழக்காடுவதா?
எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் அவர்கள் வாழ்வு

நமது குலத்திற் பிறந்து பெரும்பொருள் ஈட்டினோர் பலர். ஈட்டிய பொருளைக் கோயிலுக்கும் கல்விக்கும் வழங்கினோரும் பலர். அவர்தம் வரலாறுகளை இவ்விதழ் வாயிலாக அவ்வப்பொழுது நாம் எழுதி வருகின்றோம். அவ்வரலாறுகளிற் பெரும்பாலும் கொடையே விரித்துரைக்கப்படும். கணக்கும் வரியும் மறைந்தே கிடக்கும். ஆயினும், செட்டிநாட்டில் எந்த வீட்டின் வளவிற் சென்று கேட்பினும், வருமானவரி நோட்டீஸைக் கண்டு ஒரு நாளேனும் உறக்கம் இழவாத குடும்பம் அரிதென்பது யாவரும் அறிந்ததே. கேட்ட தொகையைச் செலுத்திவிடுவதா, அதிகாரிகளோடு பேசி ஒரு தொகைக்கு இசைவதா, அன்றி வழக்காடுவதா என்னும் வினா வணிகக் குடும்பத்தார்க்குப் புதியதன்று. இவ்வினா மிகப் பெரிய அளவில் எழுந்ததும், அதன் விடை பாரத தேசம் முழுமைக்கும் சட்டமாய் அமைந்ததும் நமது கானாடுகாத்தான் குடும்பம் ஒன்றன் வழக்கிலேயாம். ஆதலின், அக்குடும்பத்துத் தலைவராய் விளங்கிய காலஞ்சென்ற எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் அவர்களது வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். சென்னைச் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் மைதானத்திற்குப் பெயர் தந்த எம். ஏ. சிதம்பரம் செட்டியார் வேறு, இவர் வேறு. அவர் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரவர்களின் குமாரர். நாம் கூறப் புகுந்தவர் ஸர் எம். சிடி. முத்தையா செட்டியாரவர்களின் குமாரர். பெயர் ஒன்றாயிருத்தலின் இளைஞர் பலர் இருவரையும் ஒருவராகவே எண்ணி விடுகின்றனர். நமது வழக்கிற் பெயரைக் காட்டிலும் விலாசமே ஆளை அடையாளங் காட்டுவது என்பதை இதனாலும் அறியலாம்.

சிதம்பரம் செட்டியார் அவர்கள் 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் தேதி பிறந்தார்கள். பாட்டனார் பெயர் பேரனுக்கு வருவது நம்மவர் மரபு. முத்தையா, சிதம்பரம், முத்தையா என அப்பெயர்கள் தலைமுறைதோறும் மாறி மாறி வருதலின், எம். சிடி. எம். என்னும் விலாசம் ஒரு மனிதரது முதலெழுத்தாக மட்டும் நில்லாது, ஒரு வீட்டின் நாணயத்திற்கே முத்திரையாய் நின்றது. கடல் கடந்த நாட்டில் ஒரு மேலாள் உண்டியலில் அவ்விலாசத்தை எழுதினால், அதனைக் கண்டவன் வேறு ஈடு கேளான். இளம் பருவத்திலேயே அவ்விலாசத்தின் பாரம் சிதம்பரம் செட்டியார் தோளில் ஏறியது.

அக்காலத்து நம்மவர் தொழில் நிலையை இளைஞர்கள் அறிதல் வேண்டும். பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் முதலிய இடங்களிற் கிட்டங்கி அமைத்து, மூன்றாண்டுத் தவணையில் முகவரை அனுப்பி லேவாதேவி நடத்துவதே பெரும்பாலோர் தொழில். 1930ஆம் ஆண்டை ஒட்டி வந்த பெரும் விலைவீழ்ச்சியில் நெல்லின் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மியக் குடியானவர் பணமாகத் திருப்பித் தர இயலாது நிலத்தையே கொடுத்தனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் ஜில்லாக்களில் 1930இல் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்காயிருந்த நம்மவர் நிலவுடைமை, 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. காண்பதற்கு இது செல்வம். உண்மையில் கைப்பணம் மண்ணிற் புதைந்த நிலை. தனித்தனி வீட்டுக்காரர் தத்தம் முதலைக் கொண்டே நடத்தும் தொழிலுக்கு இனி நெடுநாள் இல்லை என்பதை முன்னரே உணர்ந்தவர் சிலர். அவருள் முன்னின்றவர் சிதம்பரம் செட்டியார்.

அவ்வுணர்வின் பயனே இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கு. 1937ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, இரங்கோன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் அந்தப் பாங்கின் கதவு திறந்தது. பெரு நகரங்கள் இரண்டனோடு நமது காரைக்குடியும் சரியாசனம் பெற்றமை நினைந்து மகிழத்தக்கது. அந்நிய நாணய மாற்றும், கடல் கடந்த நாடுகளிற் பாங்குத் தொழிலுமே அதன் தனி நோக்கங்கள். அப்பொழுது செட்டியாரவர்களுக்கு வயது இருபத்தெட்டு. அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது; 1942இல் இரங்கோனும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. அத்தனை அடிகளையும் தாங்கி அந்தப் பாங்கு நிலைத்தது. 1969 ஜூலை 19ஆம் தேதி தேசவுடைமையாக்கப்பட்ட பதினான்கு பாங்குகளில் அதுவும் ஒன்று.

பாங்கு ஒன்றோடு அவர் அமையவில்லை. 1906இல் சென்னையிற் தோன்றிய யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி அவர் தலைமையில் தழைத்தது. சென்னை மௌண்ட்ரோட்டில் வானளாவி நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் அக்கம்பெனியின் தலைமை நிலையமாக அவர் எண்ணித் தொடங்கியதேயாம். ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் 1956இல் தேசவுடைமையானமையின், 1959இல் அது திறக்கப்பட்ட காலத்து வேறு பெயர் பூண்டது. திருவிதாங்கூரிற் பெரும்பாவூர் அருகே 1946இல் அமைந்த திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையும் அவரது முயற்சியே. செயற்கைப் பட்டு நூலை நம் நாட்டில் முதன்முதல் உற்பத்தி செய்த ஆலை அது. வட்டிக்கடையிற் பிறந்து, பாங்கு, இன்ஷூரன்ஸ், ஆலை என்னும் மூன்று துறைகளிலும் கால்கொண்ட வாழ்வு அவருடையது.

நிற்க. வரியின் வரலாற்றுக்கு வருவோம்.

1922ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் தொடக்க நிலையில், அயல்நாட்டில் ஈட்டிய வருமானம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பொழுதே பெரும்பாலும் வரிக்கு உட்பட்டது. அயல்நாட்டில் ஈட்டி அங்கேயே மறுபடியும் முதலிட்ட பணத்திற்கு இங்கே கணக்குக் காட்டும் அவசியம் குறைவு. 1939இற் செய்யப்பட்ட திருத்தம் இந்நிலையை அடியோடு மாற்றிற்று. இங்குக் குடியுள்ளவராகக் கருதப்படுபவர் அயல்நாட்டில் ஈட்டுவதும், கொண்டுவரினும் வாராவிடினும், இங்கு வரிக்கு உரியதாயிற்று. கொண்டுவராத தொகையில் 4,500 ரூபாய் மட்டுமே விலக்கு. குடியுள்ளவர் யார் என்பதற்குச் சட்டம் வகுத்த இலக்கணங்களுள் ஒன்று, ஊரில் வாழும் வீடொன்றை வைத்துக்கொண்டு, அவ்வாண்டில் ஒரு முறையேனும் இங்கு வந்து போதல். செட்டிநாட்டு வீட்டை மூடிப் போடும் வழக்கம் நமக்கு ஏது? கலியாணத்திற்கும், கோயில் திருவிழாவிற்கும், சாந்திக்கும் வந்து செல்பவரெல்லாம் குடியுள்ளவராயினர். பற்பல ஊர்களின் ஐந்தொகையை ஒன்று கூட்டிக் காட்ட வேண்டிய கடமை அன்று தொட்டே நம்மவர்க்கு வந்தது.

அதன்மேல் யுத்தம் வந்தது. 1940இல் மிகை இலாப வரி பிறந்தது. முதலில் மிகை இலாபத்திற் பாதியாயிருந்து, அடுத்த ஆண்டே மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. வரி ஏறுந்தோறும் கணக்கை மறைக்கும் ஆசையும் நாடெங்கும் ஏறிற்று. யுத்தத்தில் ஈட்டிய பெருஞ்செல்வத்திற் பெரும்பகுதி வரிக்குத் தப்பியதென்னும் கருத்து எங்கும் நிலவிற்று. அதற்குப் பரிகாரமாகவே 1947இல் வருமானவரி விசாரணைக் கமிஷன் சட்டம் பிறந்தது. பெடரல் கோர்ட்டு நீதிபதியாயிருந்த ஸர் எஸ். வரதாச்சாரியார் அவர்கள் அக்கமிஷனின் தலைவராயினர்.

இச்சட்டத்தின் போக்கை நேயர்கள் சிறிது ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பின்னர் எழுந்த வழக்கின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. ஒருவர் பெருமளவிற் வரி ஏய்த்தார் என்று நம்புதற்குக் காரணம் உண்டென மத்திய ஸர்க்கார் கருதினால், அவர் வழக்கைக் கமிஷனுக்கு அனுப்பலாம். அவ்வாறு அனுப்புவதற்கு 1948 செப்டம்பர் 1ஆம் தேதி கடைசிக் கெடுவாக நின்றது. கமிஷன் விசாரித்து இவ்வளவு மறைக்கப்பட்டது என்று முடிவு கூறினால், அம்முடிவு முடிந்த முடிவே. சாதாரண வரியாளருக்கு மேலதிகாரியிடம் அப்பீல் உண்டு; அதன்மேல் அப்பீல் டிரைபியூனல் உண்டு; சட்டச் சிக்கல் உண்டாயின் ஹைகோர்ட்டு உண்டு. கமிஷனில் அகப்பட்டவருக்கோ, கணக்குப் பற்றிய முடிவை மறுக்க எந்தப் படியும் இல்லை. சட்ட வினா இருந்தால் மட்டும் ஹைகோர்ட்டுக்கு ஒரு சிறு வாயில் இருந்தது. ஒரே குற்றம் சுமத்தப்பட்ட இருவருள், ஒருவன் சாதாரண வாசலிற் புகுந்தால் மூன்று படிகள் பெறுவான். மற்றவன் கமிஷன் வாசலில் புகுத்தப்பட்டால் ஒரு படியும் பெறான். எவ்வாசல் யாருக்கு என்பது ஸர்க்கார் கையில் இருந்தது.

சிதம்பரம் செட்டியார் அவர்கள் வழக்கும் அக்கமிஷனுக்கு அனுப்பப்பட்டது.

அவர் நிலையில் ஒருவரை வைத்து எண்ணிப் பார்ப்போம். அவர் ஒரு பாங்கின் தலைவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைவர். பிறர் பணத்தை வாங்கி வைக்கும் தொழிலுக்கு நம்பிக்கையே முதல். வரி ஏய்த்தார் என்னும் ஐயம் மட்டுமே ஒரு சாதாரண வணிகனுக்கு நேரிடும் நஷ்டத்தைக் காட்டிலும் பன்மடங்கு நஷ்டத்தை அவருக்கு உண்டாக்க வல்லது. இந்நிலையில் அவர்முன் வழிகள் மூன்று கிடந்தன.

முதலாவது, கேட்ட தொகையைச் செலுத்திவிடுதல். இதனால் வழக்கு விரைவில் முடியும், ஊர்வாய் அடங்கும். ஆயினும், செலுத்தியவர் ஏய்த்தவர் என்னும் பெயர் நிலைக்கும். தவறாகக் கணித்த தொகையும் போன தொகையே.

இரண்டாவது, சமரசம். 1949இல் அச்சட்டத்திற் புதிதாக ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. விசாரணையிலுள்ளவர் தாமே முன்வந்து இவ்வளவுக்கு இசைகின்றேன் என்று கமிஷனுக்கு எழுதலாம். கமிஷனும் ஸர்க்காரும் ஒப்பினால் அத்தொகையைத் தவணையாகவும் செலுத்தலாம். அவ்வளவில் வழக்கு முடியும். அதன்பின் எவரும் அதனைக் கிளறலாகாது. நாட்டிற் பற்பலர் இவ்வழியே சென்றனர். மேற்படி இல்லாத இடத்தில் நின்று நீதி கேட்பதைக் காட்டிலும், ஒரு தொகையை எறிந்து நிம்மதி பெறுவதே மேல் என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

மூன்றாவது, வழக்காடுதல். இது நெடிது, செலவு மிகுந்தது, முடிவு எவ்வாறாகுமென எவராலும் முன்னறியப்படாதது.

செட்டியாரவர்கள் வழக்கு சமரசத்தில் முடியவில்லை. கமிஷன் விசாரணையை முடித்து 1952இல் தன் அறிக்கையை ஸர்க்காருக்கு அளித்தது. விசாரணைக்குரிய ஆண்டுகளில் பத்து லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட வருமானம் காட்டப்படவில்லை என்பது அதன் முடிவு. அதனைக் கொண்டு, பழைய ஆண்டுகளுக்கெல்லாம் மறுமதிப்பீடு செய்யும்படி ஸர்க்கார் உத்தரவிட்டது.

இங்கே நாம் நடுநிலை தவறாது ஒன்று கூறல் வேண்டும். செட்டியாரவர்கள் நம்மவர் என்பதனால் அக்கமிஷன் முடிவு முற்றும் பொய்யென்று நாம் எழுதப் போவதில்லை. கமிஷன் கூறிற்று என்பதனாலேயே அது மெய்யென்று கொள்ளவும் ஒருப்படோம். அக்கணக்கு மேல்முறையீட்டில் மறுமுறை எண்ணப்படவே இல்லை; எண்ணுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. ஒருவன் மீது சாட்டிய குற்றம் மெய்யோ பொய்யோ, அதனை எதிர்த்துப் பேச அவனுக்கும் மற்றவர்க்கும் ஒரே வாய்ப்பு இருந்ததா என்பதே கேள்வி. இது வழக்கின் அடிப்படை மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் மானமும் இதனுள் அடங்கியது.

விதி இடையிற் புகுந்தது. 1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆம் தேதி, சிங்கப்பூர்க் கல்லாங் விமான நிலையத்தில் இறங்க முயன்ற பி.ஓ.ஏ.சி. விமானம் தரையில் மோதி எரிந்தது. அதிலிருந்த பயணிகள் முப்பத்தொருவரும் மாண்டனர். அவருள் ஒருவர் சிதம்பரம் செட்டியார் அவர்கள். வயது நாற்பத்தைந்து நிரம்பி நாற்பத்தாறு நிரம்பாத நிலை. முன்னோர் பாய்மரக் கப்பலிற் சென்று தொழில் வளர்த்த கடல்வழியிலேயே, அதே ஊரில், அவரது வாழ்வு முடிந்தது. மௌண்ட்ரோட்டுக் கட்டடம் எழும்பி முடியவில்லை. வரி விவகாரமும் முடியவில்லை.

தந்தையார் மறைந்த வீட்டில் அவ்வினா மறுபடியும் எழுந்தது. இம்முறை விடை கூற வேண்டியவர்கள் வாரிசுகள். குமாரர் முத்தையா முதலிய மூவர், அரசியல் சட்டம் தந்த உரிமையைக் கொண்டு நேரே சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தனர். 1950 ஜனவரி 26ஆம் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று விதிக்கின்றது. அதுவே அவர்களது ஆயுதம்.

அக்காலத்து இவ்வாயுதம் ஏந்தியவர் இவர்கள் மட்டுமல்லர். 1954 மே மாதம் வடநாட்டு வணிகர் சுரஜ்மல் மோத்தா வழக்கில், கமிஷன் சட்டத்தின் ஒரு பிரிவு செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், நம்மவராகிய கருமுத்து தியாகராஜ செட்டியார் அவர்களின் மதுரை மீனாட்சி மில் தொடுத்த வழக்கில், அப்பொழுது விசாரணையில் நின்ற வழக்குகளைக் கமிஷன் மேற்கொண்டு நடத்தலாகாதென்று தீர்ப்பாயிற்று. ஆனால் விசாரணை முடிந்து, அறிக்கையும் எழுதப்பட்டுவிட்ட வழக்குகளின் கதி என்ன? அதற்கு விடை கண்டது கானாடுகாத்தான் குடும்பத்து வழக்கு.

1955 டிசம்பர் 20ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. நீதிபதி பகவதி அவர்கள் பெரும்பான்மையோர் கருத்தை எழுதினார். நீதிபதி ஜகந்நாததாஸ் அவர்கள் மாறுபட்டார். தீர்ப்பின் சாரம் இது: கமிஷன் சட்டம் பிறந்த காலத்து, பெரிய அளவில் ஏய்த்தோரைத் தனியே பிரித்து விசாரிப்பதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் 1948 செப்டம்பர் 8ஆம் தேதி வருமானவரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு திருத்தப்பட்டபின், அதே வகையாரைச் சாதாரண வழியாலும் பிடிக்க இயன்றது. ஒரே வகையாருக்கு இரண்டு வழிகள். ஒன்று கடுமையானது, மற்றொன்று அப்பீலோடு கூடியது. இருவழிகளுள் ஒன்றைத் தேர்வது அதிகாரிகள் கையில். அரசியல் சட்டம் வந்தபின் இவ்வேற்றுமை நிற்கலாகாது. ஆதலின், கமிஷன் அறிக்கையைக் கொண்டு செய்த மறுமதிப்பீடுகள் செல்லா.

இத்தீர்ப்பை நம்மவருட் சிலர் பிழைபடக் கூறக் கேட்டுள்ளோம். வரியே கட்ட வேண்டாமென்று கோர்ட்டார் கூறியதாகவும், செட்டியாரவர்கள் கணக்குச் சரியென்று தீர்ந்ததாகவும் அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வருமானம் மறைந்ததா இல்லையா என்பதைக் கோர்ட்டார் தொடவே இல்லை. விசாரித்த வழி தவறு என்பதே தீர்ப்பு. வென்றது கணக்கன்று, சமநீதி என்னும் வழக்காறு. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையை அறியாதவன் வழக்காடப் புகுதல் ஆபத்து.

இனிச் சமரசஞ் செய்தவர்களின் நிலை யாதாயிற்று? டெல்லியைச் சார்ந்த பஷேஷர்நாத் என்னும் வரியாளர் கமிஷன் முன்னிலையில் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு இசைந்து, மாதம் ஐயாயிரமாகச் செலுத்தி வந்தார். கானாடுகாத்தான் தீர்ப்பைக் கண்டபின், செல்லாத சட்டத்தின் கீழ்ச் செய்த சமரசம் தம்மைக் கட்டாதென அவர் வாதித்தார். தாமே கையெழுத்திட்டு ஒப்பிய உரிமையை இப்பொழுது கேட்கலாகாதென்று ஸர்க்கார் தரப்பில் எதிர்க்கப்பட்டது. 1958 நவம்பர் 19ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பு, 14ஆம் பிரிவு தரும் சமத்துவம் தனிமனிதன் விட்டுக்கொடுக்கக் கூடியதன்று என்றும், அச்சமரசம் செல்லாதென்றும் விதித்தது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் அவ்வழக்கைக் கற்பிக்கின்றனர். அதற்கு அடிகோலியது நமது கானாடுகாத்தான் வழக்கென்பதை மாணாக்கர் பலர் அறியார். வழக்காடியவர் பெற்ற பயன் வழக்காடாதவரையும் சென்றடைந்தது.

இவ்வரலாற்றினின்றும் நமது குடும்பங்கள் கொள்ளத்தக்க பாடம் யாது? எப்பொழுதும் வழக்காடுக என்பதன்று. அவ்வாறு கொள்வோர் நாம் எழுதியதன் கருத்தை நேர்மாறாகக் கொண்டவராவர். நோட்டீஸ் ஒன்று வந்தவுடன் இரண்டு வினாக்களைத் தனித்தனியே கேட்டல் வேண்டும் என்பதே நமது கருத்து. முதல் வினா: இத்தொகை நாம் உண்மையாகவே தர வேண்டியதா? இரண்டாம் வினா: இதனைக் கேட்டவர், கேட்ட ஆண்டு, கேட்ட முறை, கெடு ஆகியவை சட்டப்படி சரியா? இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே நம்மவர் இடர்ப்படுகின்றனர். தர வேண்டிய தொகை என்று பேரேடு சொல்லுமாயின், முறையிற் பழுது தேடி ஆண்டுக்கணக்கில் அலைவது மானத்திற்கும் கேடு, முதலுக்கும் கேடு. வட்டியும் தண்டமும் வளர்வது எவ்வாறென்பதை வட்டித்தொழில் செய்த குலத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தர வேண்டாத தொகையாயின், பயந்து செலுத்துவது நம் தலைமுறைக்கு மட்டுமன்றி, அடுத்து அதே கோரிக்கைக்கு ஆளாகும் அயலானுக்கும் தீங்கு செய்வதாகும். ஒரு பகுதி சரி, ஒரு பகுதி தவறு என்பதே பெரும்பாலும் நிகழ்வது. அப்பொழுது சரியான பகுதியைத் தாமதமின்றிச் செலுத்தி, எஞ்சியதற்கு மட்டும் வாதாடுவதே நேர்மையும் விவேகமுமாகும்.

சமரசத்தைப் பற்றியும் ஒரு சொல். சமரசம் இழிவன்று. கணக்கு ஐயத்துக்கு இடமாயிருந்து, செலவு வருவாயை மிஞ்சுமாயின், இசைந்து முடிப்பதே நன்று. அரசாங்கமும் இதனை உணர்ந்தே காலந்தோறும் இதற்கு வாயில் அமைத்து வந்துள்ளது. 1976இல் வருமானவரிச் சமரசக் கமிஷன் ஏற்பட்டு 2021 வரை நடைபெற்றது. 2020இலும் 2024இலும் விவாத் ஸே விஸ்வாஸ் என்னும் பெயரில், நிலுவை வழக்குகளை முடித்துக்கொள்ளும் திட்டங்கள் வந்தன. இத்தகைய வாயில்கள் திறப்பதும் உண்டு, மூடுவதும் உண்டு. திறந்திருக்குங்கால் எண்ணி முடிவு செய்தல் வேண்டும். அச்சத்தாற் செய்யும் சமரசம் வேறு. கணக்குப் பார்த்துச் செய்யும் சமரசம் வேறு. அயலார் என்ன சொல்வாரோ என்னும் நாணத்தால் இசைபவன் பின்னர் வருந்துவான். அங்ஙனமே, எம்மை எவன் கேட்பது என்னும் செருக்கால் வழக்காடுபவனும் வருந்துவான்.

மூன்று வழிகளில் எவ்வழி செல்லினும் முன்னே செல்ல வேண்டியது கணக்கே. நமது முன்னோர் குறிப்பும் பேரேடும் ஒரு நாளும் தவறாது எழுதினர். தவணை முடிந்து திரும்பும் முகவர் ஐந்தொகை கூட்டி ஒப்புவித்த பின்னரே ஓய்ந்தனர். அக்கட்டுப்பாடு இன்று பல வீடுகளிற் தளர்ந்துள்ளது. கணக்குப் பிள்ளையோ ஆடிட்டரோ பார்த்துக்கொள்வார் என்றிருப்பது தகாது. வந்த கடிதம், அனுப்பிய பதில், செலுத்திய ரசீது ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்தல் வேண்டும். அவை இருக்குமிடம் வீட்டு ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். சிதம்பரம் செட்டியார் அவர்கள் சிங்கப்பூரில் விமானத்திலிருந்து இறங்குமுன் மறைவோமென எண்ணியிருப்பார்களா? தலைவர் மறைந்த மறுநாளும் வரி அதிகாரியின் கெடு ஓடிக்கொண்டேயிருக்கும். வாரிசுகள் தொடர்ந்து நடத்தக் கூடிய நிலையில் வைக்காத வழக்கு, பாதி தோற்ற வழக்கே.

அவர்கள் தொடங்கிய பாங்கு அரசாங்கத்ததாயிற்று, இன்ஷூரன்ஸும் அரசாங்கத்ததாயிற்று. உலகத்தார் இவற்றால் அவர்களை நினைக்கின்றனர், அது தக்கதே. ஆயினும், அவர்கள் பெயரோடு பிறந்து, அவர்கள் காணாது போன அத்தீர்ப்பு, வாசல் இரண்டு வைத்து வரியாளரைப் பிரிக்கலாகாது என்று நாட்டிற்கு உணர்த்திற்று. பணத்தால் அளந்தால் அவ்வழக்கு ஒரு குடும்பத்தின் பத்து லட்சம் ரூபாய்ப் பூசல். நீதியால் அளந்தால் வரி செலுத்தும் ஒவ்வொரு குடிமகனுக்கும் கிடைத்த காப்பு.

நமது சங்கத்து இளைஞர்கள் தொழிலிற் புகுமுன் அப்பெரியாரது வாழ்வை ஒரு முறை எண்ணிப் பார்ப்பார்களாக. தர வேண்டியதைத் தயங்காது தந்து, தர வேண்டாததைத் தளராது மறுத்து, இரண்டையும் கணக்கால் பிரித்தறியும் திறன் நமது குலத்தார்க்கு என்றும் குன்றாதிருக்க இறைவன் அருள்க.